'ரக்கட்' என்னும் ஆங்கில அடைமொழி: ஒலிப்பு, வரலாறு, பொருள், பயன்பாடு – சேர்வராயன் மலையை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் விடுதி விளம்பரங்களிலும் கல்லூரி மாணவர்களின் சுற்றுலாக் கட்டுரைகளிலும் 'ரக்கட்' என்ற சொல் தவறாமல் தலைகாட்டுகிறது. ஏரிக்கரையும் ரக்கட், காப்பித் தோட்டமும் ரக்கட், மலைப்பாதையும் ரக்கட் என்று எழுதிவிடுகிறார்கள். பள்ளியில் இச்சொல்லுக்குக் 'கரடுமுரடான' என்று ஒற்றைப் பொருளை மனப்பாடம் செய்ததன் விளைவு இது. அந்தப் பொருள் பிழையன்று, ஆனால் பாதிதான். மேற்பரப்பு கரடுமுரடாக இருப்பதோடு, காற்றையும் மழையையும் காலத்தையும் தாங்கி நிற்கும் உறுதியும் சேர்ந்தால்தான் இன்றைய ஆங்கிலத்தில் ஒன்று 'ரக்கட்' ஆகிறது. இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறவர்கள் இச்சொல்லை வசைமொழியாகவும், முதற்பாதியை விட்டுவிடுகிறவர்கள் வெறும் புகழ்மொழியாகவும் கையாள்கிறார்கள். சேலத்து மாணவர்களுக்கும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும், மலைமீது விடுதி நடத்தி அதற்கு ஆங்கிலத்தில் அறிமுகம் எழுத வேண்டியவர்களுக்கும் பயன்படும் வகையில் இச்சொல்லைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி: ஒலிப்பு

ஆர், யூ, இரண்டு ஜி, ஈ, டி ஆகிய ஆறு எழுத்துகளால் ஆன சொல் இது. தமிழில் 'ரக்கட்' என்று எழுதும் வழக்கம் வேரூன்றிவிட்டதால் இங்கும் அவ்வாறே எழுதுகிறேன். ஆனால் ஒலிக்கும்போது நடுவிலுள்ள மெய் 'பக்கம்' என்பதில் வரும் வல்லொலியன்று, 'தங்கம்' என்பதில் வரும் மெல்லிய ககர ஒலி. எழுத்தில் ஜி இரண்டு இருந்தாலும் அழுத்தி இரட்டிக்க வேண்டியதில்லை. முதல் உயிர் அகரம். 'யூ' என்ற எழுத்தைக் கண்டு 'ருக்கட்' என்று சொல்லக் கூடாது. அழுத்தம் முதல் அசையில் விழும். இறுதி மெய்யோடு உகரத்தைச் சேர்த்து 'ரக்கடு' என்று முடிப்பது நம் நாக்கின் பழக்கம். ஆங்கிலத்தில் பேசும்போது அதைத் தவிர்க்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கட்டியணைத்தான் என்னும் பொருளுடைய 'ஹக்' என்ற வினையின் இறந்தகாலத்தை எழுதும்போதும் முதலெழுத்து நீங்கலாக இதே ஐந்து எழுத்துகள்தாம் வருகின்றன. ஆனால் அது ஓரசையாக 'ஹக்ட்' என்றே ஒலிக்கும். 'ரக்கட்' ஈரசைச் சொல். காரணம், இது வினையின் இறந்தகாலம் அன்று; முழுமையான பெயரடை. 'நேக்கட்', 'விக்கட்', 'குரூக்கட்', 'ராகட்', 'ஜாகட்' என இதே வகையில் ஈற்றசையைத் தனியாக ஒலிக்கும் பழைய பெயரடைகள் ஒரு சிறு குடும்பமாகவே ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றைச் சேர்த்துப் படித்துக்கொண்டால் ஒன்றை ஒன்று நினைவூட்டும்.

இரண்டாம் படி: சொல்லின் பிறப்பும் பயணமும்

மலையை வருணிக்கும் சொல்லாக நாம் அறிந்த இது, முதலில் மலையைக் குறிக்கவில்லை; மயிரைக் குறித்தது. ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில் தென்படத் தொடங்கிய இச்சொல்லுக்கு, சடை விழுந்த, சிலுப்பிக்கொண்ட முரட்டு ரோமமுள்ள என்பதே பொருள். பெரும்பாலும் விலங்குகளைப் பற்றியே சொல்லப்பட்டது. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'ரொக்' என்ற சொல் சடைபிடித்த மயிர்க்கற்றையைக் குறித்தது. அதனோடு தொடர்புடைய ஸ்காண்டிநேவிய மூலம் ஒன்றிலிருந்து 'ரக்கட்' வந்திருக்க வேண்டும் என்பது சொற்பிறப்பு அறிஞர்களின் கருத்து. மார்கழிக் குளிரில் ஏற்காட்டு விடுதிகளில் போர்த்திக்கொள்ளத் தரும் கம்பளியைச் சிலர் 'ரக்' என்கிறார்களே, அந்தச் சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பதினாறாம் நூற்றாண்டில் 'ரக்' என்பது முரட்டுக் கம்பளித் துணியைக் குறித்தது, பிறகு போர்வையானது, தரைவிரிப்பு என்ற பொருள் வெகு பின்னால் வந்தது. கந்தல் என்னும் பொருள் தரும் 'ராகட்' என்பதும் நெருங்கிய உறவுச் சொல்லே. இரண்டுக்கும் இடையிலான உறவுமுறை முழுதாகத் தெளிவுபடவில்லை என்றாலும், மூலம் ஒன்றுதான் என்று ஆங்கிலப் பேரகராதி கருதுகிறது.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசர், தோழன் இறந்த துயரில் சாம்பல் பூசிக்கொண்டு வரும் பாலமோன் என்னும் வீரனின் தலைமுடியை, இச்சொல்லின் உடன்பிறப்பான 'ரக்கி' என்ற வடிவத்தால் வருணிக்கிறார். இரண்டு நூற்றாண்டு கழித்து ஷேக்ஸ்பியரிடம் வந்தால், மக்பெத் நாடகத்திலேயே இச்சொல்லின் இரண்டு முகங்களைக் காணலாம். விருந்தில் தோன்றும் ஆவியைப் பார்த்து நடுங்கும் மக்பெத், நீ ரஷ்யக் கரடியாக வா, காண்டாமிருகமாக வா, புலியாக வா, நான் அஞ்சமாட்டேன் என்று கூவும்போது, அந்தக் கரடிக்கு 'ரக்கட்' என்ற அடைமொழியைத் தருகிறான். கரடுமுரடான கரடி என்று மொழிபெயர்த்தால் மோனையும் தானாக அமைந்துவிடுகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இப்படி இலவசமாகக் கிடைக்கும் இன்பங்கள் குறைவு. அதற்குச் சற்று முன்னர், விருந்தினர் வருமுன் முகக்கடுப்பை மாற்றிக்கொள்ளுமாறு கணவனிடம் சொல்லும் மக்பெத்தின் மனைவி, உன் 'ரக்கட்' பார்வையை நீவி மெருகாக்கு என்கிறாள். அங்கே இச்சொல் நெற்றிச் சுருக்கத்தையும் கடுகடுப்பையும் குறிக்கிறது. மயிரிலிருந்து முகத்துக்கு நகர்ந்துவிட்டது.

பதினேழாம் நூற்றாண்டில், பாறையும் பிளவுமாய் உடைந்து கிடக்கும் நிலத்தையும், நாகரிகப் பூச்சு இல்லாத மனிதர்களையும் குறிக்கும் வழக்கம் வந்தது. 1751இல் வெளியான தாமஸ் கிரேயின் இரங்கற்பாவில், கிராமத்து முன்னோர் உறங்கும் கல்லறைத் தோட்டத்தின் எல்ம் மரங்கள் 'ரக்கட்' எனப்படுகின்றன. வெடித்த பட்டையும் நெடுங்கால வாழ்வும் ஒருங்கே அந்தச் சொல்லில் அடங்குவதைக் கவனியுங்கள். இகழ்ச்சியின் நிழல் விலகி மதிப்பு ஏறத் தொடங்கியதற்கு இது நல்ல சான்று என்பது என் எண்ணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் இதைத் திடகாத்திரமான என்ற பொருளில் ஆளத் தொடங்கினர். 1928 அக்டோபரில் நியூயார்க்கில் நிகழ்த்திய தேர்தல் உரையில், அமெரிக்க அதிபர் வேட்பாளராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர், அரசின் கையை எதிர்பாராமல் தன் முயற்சியால் நிற்கும் குடிமகனின் இயல்பை 'ரக்கட் இன்டிவிஜுவலிசம்' என்று போற்றினார். அத்தொடர் அரசியல் சொல்வழக்காகவே நிலைத்துவிட்டது. அடித்தாலும் விழுந்தாலும் கெடாத கருவிகளுக்கு இதைச் சூட்டும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது.

மூன்றாம் படி: எவற்றைக் குறித்து, எந்தப் பொருளில்

நிலம்தான் இச்சொல்லின் முதன்மையான வீடு. 'ரக்கட் டெரைன்', 'ரக்கட் மவுன்டன்ஸ்', 'ரக்கட் கோஸ்ட்லைன்' ஆகிய மூன்றும் நாளும் கண்ணில் படும் தொடர்கள். இங்கே மூன்று கூறுகள் சேர்ந்திருக்க வேண்டும்: நிலம் சமமின்றி உடைந்து கிடக்க வேண்டும், பாறை வெளியே தெரிய வேண்டும், கடந்து செல்வது கடினமாக இருக்க வேண்டும். உயரம் மட்டும் போதாது. புல் போர்த்திய உருண்டையான குன்று எத்தனை உயரமாக இருந்தாலும் அது ரக்கட் ஆகாது.

இதைச் சேர்வராயன் மலையில் பொருத்திப் பார்ப்போம். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி நிற்கிறது. ஆயிரத்து இருநூறு மீட்டர் ஏற்றத்தை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சாலையில், 20 கொண்டை ஊசி வளைவுகளின் வழியே கடக்கிறோம். அந்தச் சரிவுகளில் சார்னகைட் என்னும் கடினமான பழம்பாறை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதையும், புதர்க்காடும் ஓடைப்பிளவுகளும் மாறிமாறி வருவதையும் பேருந்தின் சன்னல் வழியாகவே பார்க்கலாம். அச்சரிவை 'ரக்கட் ஸ்லோப்' என்று எழுதுவது முற்றிலும் பொருந்தும். கிளியூர் அருவிக்கு இறங்கும் பாறைப் பள்ளத்துக்கும், பகோடா முனையிலிருந்து கீழே தெரியும் விளிம்புக்கும் அப்படியே. ஆனால் மேலே ஏறி முடித்த பின் விரியும் பீடபூமி வேறு. மெல்ல ஏறியிறங்கும் மேடுகள், சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடிகள், அந்த ஓக் மரங்களின்மேல் படர்ந்த மிளகுக் கொடி, நடுவில் ஏரி ஆகியவற்றைக் குறிக்க 'ரோலிங்' (மெல்ல ஏறியிறங்கும்), 'வுடட்' (மரமடர்ந்த), 'லஷ்' (பசுமை செழித்த) போன்ற சொற்கள்தாம் ஏற்றவை. ஒரே மலையின் விளிம்பு ரக்கட்; உச்சி அப்படியன்று. இந்த வேறுபாட்டைக் காணாமல் மொத்த மலைக்கும் ஒரே அடைமொழியைப் பூசுவது, மலையைப் பார்க்காமலே எழுதியதற்கு ஒப்பாகும்.

நிலத்தின் ரக்கட் தன்மையை எண்ணாகவே அளக்கும் முறையும் இருக்கிறது. 1999இல் ரைலி என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் முன்வைத்த நிலமுரட்டுக் குறியீட்டில், உயர வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அதைச் சூழ்ந்த எட்டுக் கட்டங்களுக்கும் இடையிலான உயர வேறுபாடுகளை வர்க்கப்படுத்திக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தைக் காண்பார்கள். சமவெளியில் விடை சுழிக்கு அருகில் இருக்கும், மலைவிளிம்பில் எகிறும். புவியியல் படிக்கும் மாணவர்கள் சேர்வராயன் மலைக்கு இதைக் கணக்கிட்டுப் பார்த்தால், மேலே நான் சொன்ன விளிம்பு–உச்சி வேறுபாடு வண்ணப்படமாகவே கிடைக்கும்.

அடுத்து முகம். 'ரக்கட் ஃபீச்சர்ஸ்', 'ரக்கட்லி ஹேண்ட்சம்' என்ற தொடர்கள் வெயிலும் உழைப்பும் வரி வரியாக எழுதிய, எலும்பு எடுப்பான, ஆயினும் கவர்ச்சியான ஆண்முகத்தைச் சுட்டுகின்றன. இது பாராட்டு. தமிழில் 'முரட்டு முகம்' என்றால் அச்சமூட்டும் முகம் என்றே பெரும்பாலும் புரிந்துகொள்வோம். அங்கேதான் மொழிபெயர்ப்பு சறுக்குகிறது. ஆங்கிலத்தில் பெண்களின் முகத்துக்கு இச்சொல்லைப் பயன்படுத்துவது மிக அரிது. கல்லூரி இளைஞர்கள் தாடி வளர்த்த தோழனை 'ரக்கட் லுக்' என்கிறார்களே, அது இப்பொருளிலிருந்து வெகுதூரம் விலகிவிடவில்லை. ஆனால் சண்டைக்குப் போகிறவனை 'ரக்கட்' என்று சொல்வது நம் ஊர்ப் பேச்சுவழக்கு மட்டுமே. ஆங்கிலத் தேர்வுத்தாளில் அது செல்லாது.

கருவிகளைப் பொறுத்தவரை பொருள் துல்லியமானது: தூசி, நீர், வீழ்ச்சி, அதிர்வு, வெப்பம் ஆகியவற்றைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. 'ரக்கட் போன்', 'ரக்கட் லேப்டாப்' என்ற பெயரோடு விற்கப்படும் பொருள்களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மில்-எஸ்டிடி-810 என்ற சோதனைத் தரமும், ஐபி68 போன்ற குறியீடும் காட்டப்படுவது வழக்கம். ஐபி குறியீட்டில் முதல் இலக்கம் தூசித் தடுப்பையும் இரண்டாம் இலக்கம் நீர்த் தடுப்பையும் குறிக்கும். இங்கே கரடுமுரடு என்ற பழம்பொருள் ஏறக்குறைய மறைந்து, தாங்கும் திறன் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆனாலும் சேலம் உருக்காலைத் தகட்டில் செய்த பளபளக்கும் எவர்சில்வர் செம்பு தலைமுறை தலைமுறையாக உழைத்தாலும் அதை ரக்கட் என்று சொல்ல நான் தயங்குவேன், 'டியூரபிள்' போதும். மலைக்காட்டில் நில அளவையாளர் சுமந்து செல்லும் கருவிக்கும், சுரங்கத்தில் பாறை துளைக்கும் எந்திரத்துக்கும் ரக்கட் பொருந்தும். முரட்டுச் சூழலில் புழங்கும் நோக்கம் இருந்தால்தான் சொல் உட்காருகிறது.

குணம் பற்றிய பயன்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: 'ரக்கட் இன்டிபென்டன்ஸ்', 'ரக்கட் ஹானஸ்டி' போன்ற தொடர்கள், பூச்சற்ற, வளையாத இயல்பைப் புகழ்கின்றன. ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரை 'ரக்கட் பீப்பிள்' என்று சுற்றுலாக் கட்டுரைகளில் எழுதுவது பாராட்டுப்போலத் தோன்றினாலும், ஒரு சமூகத்தையே நிலக்காட்சியின் பகுதியாக்கிவிடுகிறது. தனி மனிதரின் குணத்தை வருணிக்கவே இச்சொல்லைப் பயன்படுத்த வேண்டும்.

நான்காம் படி: அண்டைச் சொற்களிலிருந்து பிரித்தறிதல்

மிக அதிகமாகக் குழப்பம் தருவது 'ரஃப்'. அது பழைய ஆங்கிலத்திலிருந்தே இருக்கும் சொல். விரல் பட்டால் உராயும் எதற்கும் பொருந்தும் பொதுச்சொல். பூசாத சுவர், உப்புத்தாள், வெடித்த உள்ளங்கை, தோராயக் கணக்கு, முரட்டுப் பேச்சு எல்லாம் 'ரஃப்'. இவற்றில் எதற்கும் 'ரக்கட்' வராது. கை வருடி அறிவது ரஃப்; கண் தொலைவிலிருந்து அறிவது பெரும்பாலும் ரக்கட் என்று கொண்டால் பல இடங்களில் பிழை நேராது. 'ராகட்' என்றால் கிழிந்து நைந்தது. 'ஜாகட்' என்றால் ரம்பப்பல் போன்ற விளிம்புடையது. உடைந்த கண்ணாடிச் சில்லு ஜாகட், மலை முகடும் ஜாகட் ஆகலாம், ஆனால் அது முகட்டுக்கோட்டின் வடிவத்தை மட்டும் சொல்கிறது. குண்டும் குழியுமான ஊர்ச்சாலை 'பம்ப்பி'.

உறுதியைக் குறிக்கும் பக்கத்திலும் அண்டை வீட்டார் உண்டு. 'ரோபஸ்ட்' என்பது ஓக் மரத்தையும் வலிமையையும் ஒருசேரக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உள்வலுவைச் சொல்லுமே தவிர மேற்பரப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. காப்பித் தோட்டக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை: ஏற்காட்டில் பெரும்பாலும் விளையும் அராபிகாவைவிட நோயைத் தாங்கும் வகைக்கு ரோபஸ்டா என்று பெயர் வந்தது இந்தப் பொருளால்தான். செடி குளிரையும் வறட்சியையும் தாங்குமானால் 'ஹார்டி' என்பார்கள். ஆட்டம் காணாமல் நிற்கும் நாற்காலி 'ஸ்டர்டி'. இம்மூன்றும் வழுவழுப்பான பொருளுக்கும் பொருந்தும் என்பதே ரக்கட்டிலிருந்து இவற்றைப் பிரிக்கும் கோடு.

ஐந்தாம் படி: இலக்கணம்

பெயருக்கு முன்னும் வரும், 'இஸ்', 'ஆர்' போன்ற வினைக்குப் பின்னும் வரும். ஒப்பிடும்போது 'மோர் ரக்கட்', 'மோஸ்ட் ரக்கட்' என்பதே வழக்கம். வினையடை 'ரக்கட்லி', பெயர்ச்சொல் 'ரக்கட்னஸ்', கருவியை உறுதிப்படுத்துவதைக் குறிக்கும் வினை 'ரக்கடைஸ்'. இவ்வளவே.

ஆறாம் படி: தமிழாக்கம்

ஒரே சொல்லைத் தேடாமல், இடத்துக்கு ஒரு சொல் கொள்வதே நல்லது. நிலத்துக்குக் 'கரடுமுரடான' சரியாக அமைகிறது. அதிலும் சேலம் பகுதியினருக்கு அதன் முதற்பாதி உயிருள்ள சொல். பாறையும் முள்ளுமாய் நிற்கும் சிறு குன்றை இங்கே 'கரடு' என்றே சொல்கிறோம். சேர்வராயன் மலையின் 1,600 மீட்டரைத் தாண்டும் மிக உயர்ந்த சிகரத்தின் பெயரே சோலைக்கரடு. மரத்தின் கணுவும் கரடு, கணுக்காலின் புடைப்பும் கரடு. பாறை, முடிச்சு, எலும்பு ஆகிய மூன்றிலும் கடினமும் புடைப்பும் இணைந்தே வருவதால், ரக்கட் என்பதன் நிலப்பொருளுக்கு இதைவிட நெருக்கமான சொல்லை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

மனிதருக்கு வரும்போது 'முரட்டு' என்பதை விலக்குங்கள். உழைத்து இறுகிய உடலுக்கு 'வைரம் பாய்ந்த' என்னும் அருமையான தொடர் நம்மிடம் இருக்கிறது. முதிர்ந்த மரத்தின் நடுக்கட்டையைப் பற்றிய வழக்கு அது, ரக்கட் எல்ம் மரத்துக்கும் ரக்கட் மனிதருக்கும் ஒருங்கே உதவும். முகத்துக்கு 'வெயிலேறிய, உரமான முகம்' எனலாம். கருவிக்கு 'கடும் பயன்பாட்டைத் தாங்கும்' என்று விரித்து எழுதுவதே தெளிவு. 'கரடுமுரடான கைப்பேசி' என்று எழுதினால் வாங்க வந்தவர் திரும்பிவிடுவார். ஹூவரின் தொடரைத் 'தன்காலில் நிற்கும் தனிமனித உறுதி' என்று பெயர்க்கலாம்.

ஏழாம் படி: பயிற்சி

கீழ்வரும் ஐந்தையும் ஆங்கிலத்தில் வருணிக்க 'ரக்கட்' பொருந்துமா என்று முதலில் நீங்களே எண்ணிப் பாருங்கள். பிறகு என் விடையோடு ஒப்பிடுங்கள்.

கஞ்சமலையின் இரும்புத்தாதுப் பாறை முகடு: பொருந்தும். பாறையும் உடைவும் கடினமும் மூன்றும் உண்டு. சேலத்துக்கும் மலையடிவாரத்துக்கும் இடையில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் மேக்னசைட் சுரங்க மேடுகள்: எனக்கு ஒப்புதல் இல்லை. தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் தாங்கி நிற்கும் இயல்பு தெரிவதில்லை. 'பேரன்' (வறண்டு வெறுமையான), 'ஸ்கார்ட்' (வடுப்பட்ட) ஆகிய ஆங்கிலச் சொற்கள் மேல். மலைப்பாதையில் ஏறும் பேருந்தின் இரைச்சலான எந்திர ஒலி: பொருந்தாது, ஒலிக்கு ரக்கட் வருவதில்லை, 'ரஃப்' அல்லது 'ஹார்ஷ்' எழுதலாம். காப்பித் தோட்டத்தில் நெடுங்காலம் உழைத்த முதியவரின் முகம்: பொருந்தும், அவர் ஆணாகவும் எழுத்தில் மரியாதை தொனிக்கவும் இருந்தால். கம்பளமும் வெந்நீரும் உள்ள ஏற்காட்டு விடுதி அறையின் 'ரக்கட் சார்ம்': விளம்பரக்காரர்கள் எழுதுவார்கள். கற்சுவரும் ஓட்டுக்கூரையும் உள்ள பழைய பங்களாவைப் பற்றியதானால் 'ரஸ்டிக்' (நாட்டுப்புற எளிமையுள்ள) என்று திருத்தி எழுதச் சொல்லுங்கள்; புதிதாகப் பூசிய சிமென்டுக் கட்டடமானால் அடைமொழியையே எடுத்துவிடச் சொல்லுங்கள்.